திங்கட்கிழமை விசுவாசம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்கள் என்னிடம் திரித்துவத்தைப் பற்றியோ உலக முடிவைப் பற்றியோ முதலில் கேட்பதில்லை. "ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நன்றாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை என்ன செய்வது?" என்றுதான் கேட்கிறார்கள். சபையில் புதியவர்களோடு உட்கார்ந்து பேசும் பொறுப்பு சில வருடங்களாக எனக்கு இருக்கிறது. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மகிழ்ச்சி, உறுதி, பரிசுத்தம் என்ற மூன்றையும் பிரசங்கத்தில் கேட்கும்போது அவை மனநிலைகள் போலத் தோன்றும். எப்போதும் முகம் மலர்ந்திருக்க வேண்டும், சந்தேகமே வரக் கூடாது, உலகத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். வேதத்தைத் திறந்தால் மூன்றும் தரையில் நிற்கின்றன. வேலை செய்தவனுக்குக் கூலி கொடுப்பது, சண்டை போட்ட இருவரைச் சேர்த்துவைப்பது, கேட்ட போதனையைச் சரிபார்ப்பது என்று கையால் செய்யும் காரியங்களாகவே வருகின்றன. செய்யக்கூடியவை என்பதால் படிப்படியாகப் பழகவும் முடியும்.

தொடங்கும் முன் ஒன்று. சபைக்குள் வந்ததும் "கானான் பாஷை", அதாவது சபைக்காரர்களுக்கே உரிய பேச்சு, காதில் விழும். பாரம், அபிஷேகம், பின்மாற்றம், கிருபையாய் இருந்தது என்று பழையவர்கள் சரளமாகப் பேசுவார்கள். அதை அவசரப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டாம். உங்கள் சொந்தத் தமிழிலேயே கடவுளிடம் பேசலாம்.

முதல் படி: பதினைந்து நிமிடம், ஒரு சிறிய பகுதி

நான் செய்த தவறு இது. ஜனவரி ஒன்றாம் தேதி முழு வேதாகமத்தையும் ஒரே வருடத்தில் முடிப்பதாகத் தீர்மானம் எடுத்தேன். 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம். ஆதியாகமம் கதை போல ஓடியது. யாத்திராகமத்தின் பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் வேகம் குறைந்தது. பிப்ரவரியில் லேவியராகமத்தில், பலிகளின் பட்டியலுக்கு நடுவே நின்றுபோனேன். அப்புறம் அந்தக் குற்ற உணர்விலேயே பல மாதம் வேதத்தைத் தொடவில்லை.

ஆகவே மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வசனம் என்றால் இரண்டு மாதத்தில் முடியும். மொழிபெயர்ப்பைப் பற்றிக் குழப்பம் வரலாம். பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர், தேவன் என்று இருக்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஆண்டவர், கடவுள் என்று இருக்கும். உங்கள் சபையில் வாசிப்பது எதுவோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, புரியாத இடத்தில் மற்றதைப் பாருங்கள்.

நேரமும் இடமும் மாறாமல் இருக்கட்டும். போன் வேறு அறையில் இருக்கட்டும். வேதம் போனிலேயே இருக்கிறதே என்பீர்கள். தெரியும். முதல் இரண்டு மாதமாவது அச்சுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பது எப்படி? மாற்கு முதல் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். பகுதியை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு மெதுவாக இன்னொரு முறை, யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே. முந்தின நாள் சாயங்காலம் ஊரே சீஷனாகிய சீமோன் பேதுருவின் வீட்டு வாசலில் கூடியிருந்தது; இயேசு அநேகரைக் குணமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து, யாரும் இல்லாத இடத்துக்குப் போய் ஜெபம்பண்ணுகிறார். சீமோன் தேடிக்கொண்டு வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். நாமாக இருந்தால் உடனே திரும்பி ஓடியிருப்போம், கூட்டம் காத்திருக்கிறதே! அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். எனக்கு இதில் தைத்தது ஒன்றுதான்: எதற்கு 'வருகிறேன்', எதற்கு 'வரவில்லை' என்பது அந்த இருட்டு நேரத்திலேயே அவருக்குத் தெளிவாகியிருந்தது. அன்றைக்கு நோட்டில் நான் எழுதியது ஒரே வரி: "இன்று யாருக்கு, எதற்கு மறுப்பு சொல்ல வேண்டும்?" உங்களுக்கு வேறு வரி கிடைக்கலாம். கிடைத்த ஒன்றை எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஜெபத்துக்கு ஒரு எலும்புக்கூடு

"என்ன பேசுவது என்றே தெரியவில்லை, இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. சீஷர்களுக்கும் அதே பிரச்சினைதான். எங்களுக்கு ஜெபம்பண்ணக் கற்றுக்கொடும் என்று அவர்கள் கேட்டபோது கிடைத்தது பரமண்டல ஜெபம். முதலாம் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட டிடாக்கே என்ற சிறு கையேடு, ஞானஸ்நானம் போன்ற அடிப்படைகளைச் சொல்லித்தரும் கையேடு, இந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி சொல்கிறது. ஆக, மனப்பாட ஜெபம் தரக்குறைவு என்று யாராவது சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு வரியிலும் நின்று உங்கள் நாளை அதற்குள் வையுங்கள். "எங்கள் பிதாவே" என்பதில் 'எங்கள்' என்ற சொல்லிலேயே நின்று, யாருடைய முகமாவது நினைவுக்கு வந்தால் அவருக்காக இரண்டு வார்த்தை சொல்லுங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்னும்போது, இன்றைக்குள் முடிக்க வேண்டிய வேலை, இன்று பார்க்க வேண்டிய ஆள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அடுத்த வருடத்துக் கவலை அந்த வரியில் இல்லை. மன்னிப்பைப் பற்றிய வரியில்தான் அதிக நேரம் ஆகும். அங்கே ஒரு பெயர் தொண்டையில் சிக்கும். சிக்கட்டும், தாண்டிப் போய்விடாதீர்கள்.

வார்த்தையே வராத நாட்களுக்குச் சங்கீதங்கள் இருக்கின்றன. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. இப்படிக் கடவுளிடம் பேசலாமா என்று தயங்குகிறவர்களுக்கு, வேதமே இந்த வார்த்தைகளை வாயில் வைத்துத் தருகிறது.

மூன்றாம் படி: மகிழ்ச்சியை நடிக்காமல் பழகுவது

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனம் சுவர்க் காலண்டரில் அழகாக இருக்கும். அது வரும் இடத்தைப் பாருங்கள். பிலிப்பியருக்கு எழுதிய நிருபம், நான்காம் அதிகாரம், நான்காம் வசனம். அதை எழுதும்போது அப்போஸ்தலர் பவுல் காவலில் இருக்கிறார். அதற்கு இரண்டு வசனம் முன்னால், எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள் ஒரே சிந்தையாய் இருக்கும்படி பெயர் சொல்லிப் புத்தி சொல்கிறார். சபை நடுவே வாசிக்கப்படும் கடிதத்தில் இருவருடைய பெயரும் வருகிறது, அந்தக் கூடத்தில் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்! அந்தச் சங்கடத்துக்குப் பக்கத்திலேயே, சந்தோஷமாயிருங்கள் என்று எழுதியிருக்கிறார். சண்டை இல்லாத சபையையோ கவலை இல்லாத வாழ்க்கையையோ அவர் எதிர்பார்க்கவில்லை.

என்ன செய்யச் சொல்கிறார்? கவலையை விண்ணப்பமாக மாற்றுங்கள், அதோடு ஸ்தோத்திரத்தையும் சேருங்கள் என்கிறார். இதை இப்படிச் செய்து பாருங்கள். ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளில் நடந்த மூன்று காரியங்களுக்கு நன்றி எழுதுங்கள். பொதுவாக எழுதக் கூடாது. "எல்லா நன்மைக்கும் ஸ்தோத்திரம்" என்று எழுதினால் நான்காம் நாளே சலித்துவிடும். "மதியம் தலைவலியோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து மேசைக்காரர் கேட்காமலேயே ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்" என்று எழுதுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பகலிலேயே கண் இதையெல்லாம் தேட ஆரம்பித்துவிடும். யாருக்கு நன்றி என்பது தெரிந்திருப்பதால் இது ஜெபமாகவே முடியும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. துக்கத்தை மறைக்கச் சொல்லும் மகிழ்ச்சி வேதத்தில் இல்லை. இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டார், அதுவும் அவனை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்திருந்தும். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில் கூட விடிவதில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் நாட்டம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

நான்காம் படி: பரிசுத்தம் என்றால் கூலியும் தராசும்

லேவியராகமத்தில் நின்றுபோனேன் என்றேன் அல்லவா, சில வருடம் கழித்து அங்கேயே திரும்பிப் போனேன். 19ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்ற புகழ்பெற்ற கட்டளை அங்கே இருக்கிறது. அதற்குப் பின்னால் நீண்ட உபவாசமோ காட்டில் தவமோ வரும் என்று எதிர்பார்த்தேன்.

வந்தது வேறு. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே. நியாயத்தில் எளியவன் என்று பார்த்துச் சாயாதே, பெரியவன் என்று பார்த்தும் சாயாதே. கோள் சொல்லித் திரியாதே. நரைத்தவர்களுக்கு முன் எழுந்திரு. தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று இயேசு எடுத்துச் சொன்ன வசனமும் இதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. (இரண்டு வகை நூல் கலந்த உடையைப் பற்றியும் ஒரு வரி உண்டு. அதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வது என்பது தனிக் கதை.)

இதை ஒரு வாரத்துக்கு உங்கள் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேலை செய்து கொடுத்த ஒருவரின் பணத்தை, கையில் இருந்தும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று இழுக்கிறீர்களா? அதுதான் விடியும்வரை வைத்திருக்கும் கூலி. செவிடனை நிந்திப்பது என்றால், காதில் விழாது என்ற தைரியத்தில் ஒருவரைப் பேசுவது. அவர் இல்லாத வாட்ஸ்அப் குழுவில் நாம் செய்வது அதைத்தானே?

அந்த அதிகாரத்தை வாசித்த அதே வாரம் மேலாளர் என் மேசையைக் கடந்து போகும்போது, "அறிக்கை அனுப்பியாச்சா?" என்று கேட்டார். "அனுப்பிட்டேன் சார்" என்று வாய் சொல்லிவிட்டது. கை அப்போதுதான் கோப்பைத் திறந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பியும்விட்டேன். யாருக்கும் நஷ்டம் இல்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் ஒருவருக்கொருவர் பொய் சொல்லாதிருங்கள் என்ற வரி, வயல் ஓரத்துக்கும் கூலிக்கும் நடுவே, அதே அதிகாரத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் அறைக்கு இருபது அடி இருக்கும். பாதி வழியில் தண்ணீர் குடிக்க நின்றேன். உள்ளே போய், "நீங்கள் கேட்டபோது அனுப்பவில்லை சார், இப்போதுதான் அனுப்பினேன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "சரி" என்றார். மறுபடி கணினியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் கொஞ்சம் தயங்குகிறது.

சோதனைகளில் சிலவற்றோடு வாதாடக் கூடாது. தன்னைத் தப்பான உறவுக்கு இழுத்த எஜமானன் போத்திபாரின் மனைவியிடம் யோசேப்பு நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். எந்த நேரத்தில், எந்த இடத்தில் விழுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி போன் என்றால் சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுங்கள். பத்து மணிநேர ஜெபத்தை விட அந்தச் சார்ஜர் சில சமயம் அதிகம் உதவும். இது என் கருத்து, போதகர்கள் கோபிக்கலாம்.

வரிசை மட்டும் மாறிவிடக் கூடாது. பத்துக் கட்டளைகள் தொடங்கும் இடத்தில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்த உன் தேவன் நான் என்ற வரி முதலில் வருகிறது, கட்டளை அப்புறம்தான். விடுதலை முதலில் கிடைத்துவிட்டது. பரிசுத்தம் அதற்குக் கட்டும் கட்டணம் என்று நினைத்தீர்களானால், ஒன்று பெருமை பிடிக்கும், இல்லையென்றால் பயம் பிடிக்கும்.

இரவில் நாளைத் திரும்பிப் பார்க்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவியர் குழுவைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த முறை எளிமையானது: நன்றி சொல், வெளிச்சம் கேள், காலையிலிருந்து நடந்ததை ஓட்டிப் பார், மன்னிப்புக் கேள், நாளைக்கு ஒன்றைத் தீர்மானம் செய். ஐந்தும் சேர்த்துப் பத்து நிமிடம். மேலே சொன்ன நன்றி நோட்டை இதன் முதல் படியாகவே வைத்துக்கொள்ளலாம். மன்னிப்புக் கேட்க வேண்டியது மனிதரிடம் என்றால், மறுநாள் முதல் வேலையாக அது இருக்கட்டும். வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயு மனம் மாறியபோது பாட்டுப் பாடவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பத் தருகிறேன் என்றான்.

ஐந்தாம் படி: உறுதி வேறு, பிடிவாதம் வேறு

சந்தேகம் வருகிறதே என்று பயப்படாதீர்கள். உயிர்த்தெழுந்த இயேசுவை மலையில் நேரில் கண்டு பணிந்துகொண்டவர்களிலேயே "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். புறப்பட்டுப் போய்ச் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளை அந்தக் கூட்டத்துக்குத்தான் கொடுக்கப்பட்டது. கேள்விகளுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி, தோன்றும்போது எழுதுங்கள். மாதம் ஒருமுறை விஷயம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே நம்பிவிடாமல், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களில் பார்த்தார்கள். அப்போஸ்தலர் புத்தகம் அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. பவுலையே சரிபார்க்கலாம் என்றால், யூடியூப் பிரசங்கியையும் வாட்ஸ்அப்பில் வரும் "தீர்க்கதரிசனத்தையும்" தாராளமாகச் சரிபார்க்கலாம். பார்க்காமல் பிறருக்கு அனுப்ப வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஒரே அளவு உறுதி தேவையில்லை. சபை சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் இருப்பவை மையம். என்ன சாப்பிடலாம், எந்த நாளை விசேஷமாக எண்ணலாம் என்ற சண்டை ரோமாபுரி சபையிலேயே இருந்தது. அவனவன் தன் மனதில் நிச்சயமுள்ளவனாக இருக்கட்டும், மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்றார் பவுல்.

உங்கள் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால், சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்கிறார் பேதுரு. அதற்கு மூன்று நிமிடப் பதில் ஒன்று தயாராக இருக்கட்டும்: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது. சாட்சி சொல்லும்போது பழைய வாழ்க்கையைக் கொஞ்சம் அதிகமாகக் கறுப்படிக்கும் ஆசை வரும். வேண்டாம். வீட்டில் மற்றவர்கள் விசுவாசத்தில் இல்லை என்றால் முதல் சில மாதம் வீட்டில் பிரசங்கமே வேண்டாம். எழுந்து பாத்திரம் கழுவுங்கள், குரலை உயர்த்தாமல் பேசிப் பழகுங்கள். அவர்களே ஒருநாள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் பாத்திரம் சுத்தமாக இருக்கும்.

ஆறாம் படி: ஒரு ஆள் போதும்

சபைக்குத் தொடர்ந்து போங்கள். அதற்குள் ஒரே ஒருவரை, உங்கள் பாலினத்தவராகவே, கண்டுபிடியுங்கள். உங்களை விடக் கொஞ்சம் அனுபவமுள்ளவர், கேட்டதை வெளியே சொல்லாதவர். வாரம் அரை மணிநேரம் அவரிடம், "இந்த வாரம் எங்கே விழுந்தேன்" என்று நேராகச் சொல்லுங்கள். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியது இதைத்தான்.

கேள்வி கேட்கவிடாத தலைவர், ஆசீர்வாதத்துக்கு விலை சொல்பவர், மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், குடும்பத்தோடு பேசவே கூடாது என்பவர், இவர்களில் யாரைக் கண்டாலும் வேறு சபையைப் பாருங்கள்.

ஏழாம் படி: விழுந்த பிறகு

விழுவீர்கள். ஒரு வாரம் வாசிப்பே நடக்காது, இனி பொய்யே சொல்ல மாட்டேன் என்ற வாய் மறுபடி சொல்லும். அப்போது யோவான் சுவிசேஷத்தில் இரண்டு இடங்களை எடுத்துப் பாருங்கள். 18ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பு எரிகிறது. பேதுரு அங்கே குளிர்காய்ந்துகொண்டே, அவரைத் தெரியாது என்று மறுதலிக்கிறான். 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் காத்திருக்கிறார். அங்கேயும் கரிநெருப்பு, அதன்மேல் மீன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. அந்தப் புகை நாசியில் ஏறியபோது பேதுருவுக்கு எந்த ராத்திரி நினைவுக்கு வந்திருக்கும்? இயேசு அதைப் பற்றி முதலில் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட வாருங்கள் என்கிறார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான், "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்கிறார்.

விட்டுப்போன நாட்களின் பகுதிகளை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள், பிப்ரவரியில் நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான். நடந்ததைக் கடவுளிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், உங்கள் அந்த ஒரு நண்பருக்கும் செய்தி அனுப்புங்கள். நாளைக் காலை அதே நாற்காலியில், அன்றைக்கு உள்ள பத்து வசனத்தை மட்டும் வாசித்தால் போதும்.